இரண்டு பிரேக் உள்ள வண்டி

சுப்ஹுத் தொழுகை முடிந்து பள்ளிவாசலைவிட்டு வெளியே வரும் நேரத்தில் எங்கள் கொடுமுடியின் சாலையில் முதலில் கண்ணில் படுவது பால் வண்டி. அடுத்து, செய்தித்தாள் போடும் பையனின் சைக்கிள். மூன்றாவதாக வருவது சிவப்பு நிறத்தில் ‘எல்’ எழுத்து தாங்கிய கார். காவிரியின் பனிக்காற்று இன்னும் அடங்கியிராத அந்த வேளையில், அது சற்று ஓடும். சட்டென்று குலுங்கி நிற்கும். மீண்டும் உறுமிக்கொண்டு கிளம்பும். பின்னால் வரும் கரும்பு டிராக்டர்காரர் ஹாரன் அடிப்பார். டீக்கடை பெஞ்சில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். நாமும் ஒரு கணம் பார்த்துவிட்டு நடந்துவிடுவோம்.

அந்தக் காரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. ஒரு மதரஸா ஆசிரியருக்கும் டிரைவிங் ஸ்கூல் வண்டிக்கும் என்ன தொடர்பு என்று வாசகர்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. தொடர்பை ஏற்படுத்தியவள் என் தங்கை.

தங்கை கேட்ட கேள்வி

தங்கையின் கணவர் சவூதியில் பணியாற்றுகிறார். அவருடைய தாயாருக்குச் சிறுநீரகம் செயலிழந்து, வாரம் இருமுறை ஈரோட்டுக்குச் சென்று இரத்தச் சுத்திகரிப்பு செய்துகொள்ளவேண்டிய நிலை. போக ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர். வர நாற்பது கிலோமீட்டர். சிகிச்சை முடிந்து சோர்ந்து கிடக்கும் மூதாட்டியைப் பேருந்தில் ஏற்றிவர இயலாது. ஒவ்வொரு முறையும் வாடகைக் கார் அமர்த்தினால் சவூதிச் சம்பளம் அதற்கே போய்விடும். கணவர் விடுமுறையில் வந்தபோது வாங்கிய பழைய கார் ஒன்று கொட்டகையில் தூசு படிந்து நிற்கிறது. ஓட்ட ஆள் இல்லை.

ஒரு நாள் மாலை வந்தாள். “நான் காரு ஓட்டப் பழகலாங்களா அண்ணா? மார்க்கத்துல தடை ஏதும் இருக்குங்களா?” என்று கேட்டாள்.

நான் யோசிக்கவேயில்லை. “அந்நிய ஆடவர் ஒருவரோடு மூடிய காருக்குள் ஒரு மாதம் போய்வருவதா? வேண்டாம்” என்றேன். அவள் எதிர்த்து ஒரு சொல் சொல்லவில்லை. “சரிங்கண்ணா” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அந்தச் ‘சரி’ என்னை இரவு முழுவதும் உறங்கவிடவில்லை. அவள் கேட்டது ஒன்று. நான் விடை சொன்னது வேறொன்று. கார் ஓட்டலாமா என்று கேட்டவளுக்கு, கற்றுக்கொள்ளும் முறையில் உள்ள ஓர் இடரைக் காரணம் காட்டிக் கதவையே சாத்திவிட்டேன்.

திருக்குர்ஆனின் கஸஸ் அத்தியாயத்தில் வரும் ஒரு நிகழ்ச்சி நினைவுக்கு வந்தது. மத்யன் நகரத்து நீர்த்துறையில் ஆடவர் கூட்டத்துக்கு அப்பால் இரு பெண்கள் தங்கள் ஆடுகளைத் தடுத்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். மூஸா நபி (அலை) அவர்கள் விசாரிக்கிறார்கள். தங்கள் தந்தை முதியவர் என்பதே அப்பெண்கள் கூறும் காரணம். வீட்டில் முதியவர் இருந்தார், வெளியில் வேலை இருந்தது, பெண்கள் வந்தார்கள், ஒழுக்கத்தோடு ஒதுங்கி நின்றார்கள். தேவையும் நாணமும் அங்கே ஒன்றையொன்று விரட்டவில்லை. மேலும், ஒட்டகம் ஏறிச் செல்லும் குறைஷிப் பெண்களை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பாராட்டிக் கூறியதாக ஹதீஸ் நூல்களில் காண்கிறோம். ஊர்தியைச் செலுத்துவது பெண்மைக்கு ஒவ்வாதது என்று கூற எனக்கு எந்த ஆதாரமும் கிட்டவில்லை.

எஞ்சி நின்றது ஒன்றுதான். அந்நிய ஆணும் பெண்ணும் தனித்திருத்தல் கூடாது என்னும் நெறி. அதற்கும் வழி இருந்தது. காரில் பின்னிருக்கை என்று ஒன்று இருக்கிறதே! மறுநாளே தங்கை வீட்டுக்குச் சென்றேன். “பழகு. நான் பின்னால் உட்கார்ந்து வருகிறேன்” என்றேன். அந்த நாட்களில்தான் இந்த வண்டியை நான் உள்ளிருந்து பார்க்கும் வாய்ப்பு வந்தது.

அம்பாஸடர் முதல் மாருதி வரை

காரோட்டக் கற்பிப்பதற்கென்றே பள்ளிகள் எழுந்து ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. இங்கிலாந்தில் 1910ஆம் ஆண்டிலேயே இலண்டன் நகரில் பிரிட்டிஷ் ஸ்கூல் ஆஃப் மோட்டாரிங் தொடங்கப்பட்டது. அந்நாட்டில் ஓட்டுநர் தேர்வு கட்டாயமாக்கப்பட்டதும், பழகுவோர் வண்டியில் ‘எல்’ பலகை மாட்டவேண்டும் என்ற விதி வந்ததும் 1935இல். இன்று கொடுமுடிச் சாலையில் நாம் காணும் சிவப்பு எழுத்து அங்கிருந்து வந்ததே.

நம் நாட்டில் ஒரு தலைமுறை பழகியது அம்பாஸடரிலும் ஃபியட் வழிவந்த பிரீமியர் பத்மினியிலும். அக்கால அம்பாஸடரில் முன்னிருக்கை ஒரே நீளப் பலகைபோல் இருக்கும். கியர் தண்டு ஸ்டியரிங்கின் பக்கவாட்டில் இருக்கும். கனமான வண்டி, கனமான ஸ்டியரிங். அதைத் திருப்பப் பழகியவருக்குத் தோள் வலித்தது என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அந்த வண்டியின் உற்பத்தி மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் 2014 மே மாதத்தில் நின்றது.

1983 டிசம்பர் 14 அன்று முதல் மாருதி 800 கார் அதன் உரிமையாளரிடம் ஒப்படைக்கப்பட்டது. டிரைவிங் ஸ்கூல்களின் கதையே அதன்பின் மாறியது. மூன்று சிலிண்டர், 796 சிசி என்ஜின். எடை குறைவு. முன்னால் இரண்டு தனித்தனி இருக்கைகள். அவற்றின் நடுவே தரையில் கியர். ஓட்டுபவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே வண்டியின் நான்கு மூலைகளையும் ஓரளவு கணித்துக்கொள்ளலாம். பழுதானால் எந்த ஊர் மெக்கானிக்கும் சரிசெய்வார். உதிரிப் பாகம் எங்கும் கிடைக்கும். ஒரு நாளைக்கு நூறுமுறை என்ஜின் அணைந்து, நூறுமுறை கிளட்ச் தேயும் வண்டிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? 25 லட்சத்துக்கும் மேல் விற்ற அந்தக் காரின் உற்பத்தி 2014 ஜனவரியில் முடிந்தது. அதன் இடத்தைப் பெரும்பாலும் 2000ஆம் ஆண்டில் வந்த ஆல்ட்டோவும் அதுபோன்ற சிறு கார்களும் பிடித்துக்கொண்டன.

இங்கே நாம் எண்ணிப் பார்க்கவேண்டிய ஒன்று உண்டு. வாடகைக்கு ஓடும் காரையும் சொந்தக் காரையும் தெரிந்தவர் ஓட்டுகிறார். இந்தக் காரை மட்டும் நாள்தோறும் தெரியாதவரே ஓட்டுகிறார். ஒவ்வொரு நாளும் புதிய கால்கள், புதிய தவறுகள். ஆகவே ஊரிலுள்ள மற்ற எல்லாக் கார்களையும்விட நன்றாகப் பராமரிக்கப்படவேண்டியது இதுதான். ஆனால் நடப்பில் பல இடங்களில் பழைய வண்டியே இதற்குப் போதும் என்று விட்டுவிடுகிறார்கள்.

ஆசிரியரின் கால்

பயிற்சிக் காரின் தனிச்சிறப்பு அதன் இரட்டைக் கட்டுப்பாடு. நம் நாட்டில் ஸ்டியரிங் வலப்பக்கம். பயிற்சியாளர் அமர்வது இடப்பக்கம். அவர் காலடியிலும் பிரேக் மிதி ஒன்றும், வழக்கமாகக் கிளட்ச் மிதி ஒன்றும் இருக்கும். இவை கம்பி அல்லது இரும்புத் தண்டு வழியாக ஓட்டுபவரின் மிதிகளோடு இணைக்கப்பட்டிருக்கும். ஆசிரியர் தம் மிதியை அழுத்தினால் மாணவரின் மிதியும் சேர்ந்து இறங்கும். வண்டி நிற்கும்.

பிரேக்கோடு கிளட்ச் எதற்கு என்று நான் கேட்டேன். கியரில் ஓடும் வண்டியைப் பிரேக்கை மட்டும் அழுத்தி நிறுத்தினால் என்ஜின் குலுங்கி அணைந்துவிடும். சந்தடி மிக்க சாலையிலோ இரயில்வே கேட்டிலோ அணைந்த வண்டியைப் பதற்றத்தில் இருக்கும் மாணவர் மீண்டும் கிளப்புவது கடினம். கிளட்சையும் சேர்த்து மிதித்தால் என்ஜின் உயிரோடு இருக்கும். வண்டி மட்டும் நிற்கும். ஈரோடு–கரூர் இரயில் பாதையை ஒட்டி வாழும் நமக்கு இதன் அருமையை விளக்கவேண்டியதில்லை.

ஓதக் கற்றுக்கொடுக்கும் எங்களுக்கும் இது பழக்கமானதே. பிள்ளை எழுத்துக்கூட்டி ஓதும்போது உஸ்தாதின் விரல் வரியின் கீழே இருக்கும். பிள்ளை தடுமாறும் முன்னரே நாம் சொல்லிவிட்டால் அது நம் ஓதலாகிவிடும், பிள்ளையின் ஓதலாகாது. தவறை முற்றும் விட்டுவிட்டாலோ அதுவே பாடமாகிவிடும். இடையில் ஒரு நொடி இருக்கிறது. அந்த நொடியை அறிந்தவரே ஆசிரியர். ஓதுவதில் நொடி தவறினால் மறுபடி ஓதலாம். சாலையில் அப்படியன்று.

வாய்க்கால் பாலத்தில்

முதலில் நாங்கள் சேர்ந்த பள்ளியின் பெயர் இங்கே வேண்டாம். ஆறாம் நாள் காலை. தங்கை ஓட்டுகிறாள், பயிற்சியாளர் இடப்பக்கம், நான் பின்னிருக்கையில். வாய்க்கால் பாலத்தின் ஏற்றத்தில் எதிரே மாடுகள் வந்ததால் நிறுத்தவேண்டியதாயிற்று. மீண்டும் கிளப்பும்போது அவள் கிளட்சைச் சட்டென்று விட்டுவிட்டாள். என்ஜின் அணைந்தது. கார் பின்னோக்கி உருளத் தொடங்கியது. அச்சத்தில் அவள் இரண்டு கால்களையும் எடுத்துவிட்டாள்.

பயிற்சியாளர் தம் பிரேக்கை மிதித்தார். அது தரைவரை இறங்கியது, வண்டி நிற்கவில்லை. இணைப்புக் கம்பி எப்போதோ விட்டுப்போயிருந்தது. பின்னால் தேங்காய் ஏற்றிய மினி லாரி ஒன்று நின்றது. அவர் நடுவிலிருந்த கைப்பிரேக்கைப் பிடித்து இழுத்தார். அல்லாஹ் காப்பாற்றினான். லாரிக்கு ஒரு முழம் இருக்கையில் கார் நின்றது.

தங்கை இறங்கிப் பாலத்துக் கட்டையில் உட்கார்ந்துவிட்டாள். கை நடுக்கம் நிற்கவில்லை. “வயரு விட்டுப்போச்சுங்க, நாளைக்குக் கட்டிக்கலாம்” என்றார் பயிற்சியாளர். உரிமையாளரோ, “இத்தனை வருசமா இப்பிடித்தானுங்க ஓடுது” என்றார். இத்தனை ஆண்டுகளாக எத்தனை வீட்டுப் பிள்ளைகள் அந்தக் காரில் ஏறியிருப்பார்கள்! அவர்கள் எல்லாரும் இரண்டு பிரேக் இருக்கிறது என்று நம்பி உட்கார்ந்தவர்கள். உண்மையில் இருந்தது ஒன்றுதான். அதுவும் ஓட்டத் தெரியாதவரின் காலடியில்.

இது வெறும் கவனக்குறைவன்று. அமானிதத்தில் செய்த மோசடி என்றே சொல்வேன்.

சட்டம் என்ன சொல்கிறது?

அதன்பிறகுதான் விதிகளை வாங்கிப் படித்தேன். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 12ஆம் பிரிவு டிரைவிங் ஸ்கூல்களுக்கு உரிமம் வழங்குவதைப் பற்றிக் கூறுகிறது. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் விவரமாகப் பேசுகின்றன. பயிற்சி வண்டி பயிற்சிக்கு மட்டுமே பயன்படவேண்டும். மோட்டார் சைக்கிள் தவிர எல்லாப் பயிற்சி வண்டியிலும் பயிற்சியாளர் நிறுத்தக்கூடிய வகையில் இரட்டைக் கட்டுப்பாடு இருக்கவேண்டும். பள்ளியின் பெயர், முகவரி, தொலைபேசி எண் ஆகியவை வண்டியில் பெரிய எழுத்தில் எழுதப்பட்டிருக்கவேண்டும். முதலுதவிப் பெட்டி வேண்டும். பயிற்சியாளர் பத்தாம் வகுப்புத் தேறியவராகவும், ஐந்தாண்டு ஓட்டிய அனுபவம் உடையவராகவும் இருக்கவேண்டும்.

‘எல்’ பலகைக்கும் அளவு உண்டு. வெள்ளைப் பின்னணி பதினெட்டு சென்டிமீட்டர் சதுரத்துக்குக் குறையக்கூடாது. சிவப்பு எழுத்து பத்து சென்டிமீட்டர் உயரம் இருக்கவேண்டும். முன்னும் பின்னும் தெரியவேண்டும். காகிதத்தில் கிறுக்கி ஒட்டுவது விதிக்குப் பொருந்தாது.

சொந்தக் கார் பழகுவோருக்கு 21 நாட்களுக்குக் குறையாத பயிற்சி. அதில் 10 மணி நேரமேனும் மாணவர் தம் கையால் ஓட்டியிருக்கவேண்டும். ஒரே காரில் நால்வரை ஏற்றிக்கொண்டு, ஆளுக்கு ஐந்து நிமிடம் கொடுத்து அரைமணிக் கணக்கு எழுதுவது இவ்விதிக்கு முரணானது. பழகுநர் உரிமம் ஆறு மாதம் செல்லும். அதைப் பெற்று 30 நாட்கள் கழிந்த பின்பே தேர்வுக்குச் செல்லமுடியும்.

2021 ஜூலை முதல் அங்கீகாரம் பெற்ற ஓட்டுநர் பயிற்சி மையங்களுக்கான புதிய விதிகளும் நடைமுறைக்கு வந்துள்ளன. கார் போன்ற இலகுரக வாகனப் பயிற்சிக்கு ஓர் ஏக்கர் நிலம், பயிற்சித் தடம், சாலைக்கு வருமுன் அறையிலேயே பழகும் சிமுலேட்டர் கருவி ஆகியவை அங்கே இருக்கவேண்டும். பயிற்சி 29 மணி நேரம். அதில் 21 மணி நேரம் செய்முறை. சிற்றூர்களுக்கு அத்தகைய மையம் வந்துசேரும் வரை, இருக்கும் பள்ளிகளின் வண்டியை நாமே பார்த்து அறிந்துகொள்ளவேண்டும்.

இவையெல்லாம் வீண் சட்டதிட்டங்கள் என்று எண்ணவேண்டாம். 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலை விபத்துகளில் மாண்டவர்கள் 1,68,491 பேர். அவ்வாண்டு நாட்டிலேயே மிகுதியான விபத்துகள் நடந்த மாநிலம் நம் தமிழ்நாடு, எண்ணிக்கை 64,105. லாரித் தொழிலுக்குப் பெயர்பெற்ற நாமக்கல்லும் சங்ககிரியும் சூழ்ந்த கொங்கு நாட்டில், சாலை விபத்தில் ஒருவரை இழக்காத தெரு எது?

சேர்வதற்கு முன்

பிள்ளையைச் சேர்க்கும் பெற்றோரும் மனைவியைச் சேர்க்கும் கணவரும் கட்டணத்தை விசாரிக்கும் முன் வண்டியை விசாரியுங்கள். பயிற்சியாளரின் இருக்கையில் நீங்களே உட்காருங்கள். ஒருவரை ஓட்டுநர் இருக்கையில் அமரச்செய்து, உங்கள் மிதியை அழுத்துங்கள். அவர் பக்கத்து மிதி இறங்குகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. டயரில் வரி தெரிகிறதா, கைப்பிரேக் பிடிக்கிறதா, இரண்டு சீட் பெல்ட்டும் பூட்டிக்கொள்கின்றனவா, பக்கக் கண்ணாடிகள் உடையாமல் உள்ளனவா என்று பாருங்கள். பள்ளியின் உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள். ஓட்டிய நேரத்தைக் குறிக்கும் பதிவேடு வைத்திருப்பது அவர்கள் கடமை, அதையும் கேளுங்கள். கேட்பதற்கு வெட்கப்படவேண்டாம். நேர்மையாக நடத்துபவர் கோபித்துக்கொள்ளமாட்டார்.

பெண்கள் பழகும்போது பெண் பயிற்சியாளர் கிடைத்தால் மிக நன்று. இல்லையேல் தந்தையோ சகோதரனோ கணவரோ உடன் செல்லலாம். இரண்டு மூன்று பெண்கள் சேர்ந்தும் செல்லலாம். பெண் பயிற்சியாளர்கள் நம் சமுதாயத்திலிருந்தும் வரவேண்டும் என்பது என் அவா. ஜமாஅத்துகள் தையல் இயந்திரம் வழங்குவதைப் போல, தகுதியுள்ள சகோதரி ஒருவருக்கு இத்தொழிலுக்கான உதவியையும் வழங்கலாமே.

இதைப் படித்து முகம் சுளிப்போர் இருக்கலாம். அவர்களுக்கு ஒரு செய்தி. மலேசியா, இந்தோனேசியா, ஈரான் போன்ற நாடுகளில் முஸ்லிம் பெண்கள் நெடுங்காலமாகக் கார் ஓட்டுகின்றனர். தடை நீடித்த சவூதி அரேபியாவிலும் 1990 நவம்பர் 6 அன்று ரியாத் நகரில் 47 பெண்கள் கார்களில் ஊர்வலம் வந்து கோரிக்கை எழுப்பினர். இறுதியில் 2018 ஜூன் 24 முதல் அங்கும் தடை நீங்கியது. பெண்களுக்கென ரியாத் நகரின் இளவரசி நூரா பல்கலைக்கழகத்தில் பயிற்சிப் பள்ளியே நடக்கிறது. என் மைத்துனர் வேலை செய்யும் நாட்டில் பெண்கள் ஓட்டுகிறார்கள். அவருடைய தாய்க்காக அவர் மனைவி கொடுமுடியில் ஓட்டக்கூடாதா?

மெல்லச் செலுத்துக

பாலத்து நிகழ்ச்சிக்குப் பிறகு தங்கை பத்து நாட்கள் காரின் அருகே செல்லவில்லை. பிறகு வேறொரு பள்ளியில் சேர்த்தோம். வண்டி பழையதுதான். ஆனால் அந்தப் பயிற்சியாளர் ஒவ்வொரு காலையும் மாணவர் ஏறும் முன் தம் பக்கத்து மிதிகளைத் தாமே அழுத்திப் பார்ப்பார். அதன் பின்னரே சாவியைக் கொடுப்பார். முதல் நாள் தங்கையிடம் அவர் சொன்னது: “எங்கிட்டயும் ஒரு பிரேக்கு இருக்குதுங்க அம்மணி. ஆனா அதை நம்பி ஓட்டாதீங்க.”

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பிறகு இறைவன்மீது பொறுப்புச் சாட்டுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு தோழருக்கு அறிவுறுத்திய செய்தி நாம் அறிந்ததே. அதை அந்த மனிதர் அறிந்திருக்கமாட்டார். ஆனால் அதைத்தான் அவர் நாள்தோறும் செய்துகொண்டிருந்தார். பக்கத்துத் தெரு ஆசிரியை ஒருவரும் உடன் சேர்ந்துகொண்டதால் சில நாட்களில் என் துணையும் தேவைப்படவில்லை.

தங்கை தேர்வில் ஓட்டிக் காட்டி உரிமம் பெற்றாள். இப்போது வாரம் இருமுறை மாமியாரைப் பின்னிருக்கையில் சாய்த்து அமர்த்தி ஈரோடு சென்று வருகிறாள். ஒருமுறை நானும் சென்றேன். பயண துஆவை ஓதிவிட்டுத்தான் சாவியைத் திருப்பினாள். நமக்கு அடங்காத ஒன்றை நமக்கு வசப்படுத்தித் தந்தவனைத் துதிக்கும் அந்த துஆவின் பொருள் எனக்கு அன்று புதிதாக விளங்கிற்று. மேடு பள்ளங்களில் அவள் வேகத்தைக் குறைத்தபோது, அன்ஜஷா என்னும் ஒட்டகவோட்டியிடம், பெண்களைக் கண்ணாடிப் பாத்திரங்களுக்கு ஒப்பிட்டு, மெல்லச் செலுத்துமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியது நினைவில் வந்தது. மாமியார் உறங்கிக்கொண்டே வந்தார்கள்.

பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்று கற்றவர்கள் நாம். பாதைக்கும் உரிமைகள் உண்டு என்றும், பிறருக்குத் துன்பம் தராதிருப்பது அவற்றுள் ஒன்று என்றும் கற்றவர்கள். ஆகவே சகோதரர்களே, நாளைக் காலை உங்கள் முன்னே சிவப்பு ‘எல்’ எழுத்துடன் ஒரு கார் குலுங்கி நின்றால் ஹாரன் அடிக்காதீர்கள். சற்றுப் பொறுத்து வழிவிடுங்கள். உள்ளே இருப்பவர் எந்த வீட்டு நோயாளிக்காகப் பழகுகிறாரோ, அதை அல்லாஹ்வே அறிவான்.